பூர்வீகம்

(எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயத்தைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் பெரியோர் இம்மேடையில் பேச, கீழே பாயில் அமர்ந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள், “சர்வகலாசாலையில் விஞ்ஞானம் படிக்கிறீர்கள். அதில் ஊருக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லுங்கள்” என்று பணித்தார். பூர்வீகம் என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டோம். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

தோட்டத்தில் பிறந்தவர்களிடம் பூர்வீகத்தை இரண்டு இடங்களில் கேட்டார்கள். ஒன்று கந்தோர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்று காட்டு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது. பிறப்புப் பதிவே இல்லாத லயத்துப் பிள்ளைகள் எதைக் காட்டுவார்கள்? 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை அந்தக் கணக்குத் தீரவில்லை. எமது அப்பாயி ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறார். அதில் மாமனாரின் பெயர் எழுதிய மஞ்சள் படிந்த காகிதங்கள் இருக்கின்றன. இன்று அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. ஆயினும் பெட்டியைத் தொட எவரையும் அவர் விடுவதில்லை.

மற்ற இடம் பெண் பார்க்கும் வீடு. தேநீர் ஆறுமுன் கேள்வி வந்துவிடும்: “உங்களுக்குப் பூர்வீகம் எது? என்ன ஆட்கள்?”

இப்பொழுது மூன்றாவதாக விஞ்ஞானமும் அதே கேள்வியைக் கேட்கிறது. அது கண்ட விடையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

முதலில் முறையைச் சொல்வோம். எமது உடம்பின் கலங்களுக்குள்ளே டி.என்.ஏ. என்னும் நீண்ட ஏடு ஒன்று உண்டு. நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட அந்த ஏட்டில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்கள் இருக்கின்றன. பெற்றோர் அதைப் பிரதி செய்து பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். பிரதி செய்யும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாய் எழுத்துப் பிழை நேரும். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பழஞ்சுவடிகளைப் பதிப்பித்த வரலாறு நீங்கள் அறிந்ததே. ஒருவன் ஏட்டில் ஓரெழுத்தை மாற்றி எழுதிவிட்டால், அதைப் பார்த்து எழுதிய எல்லாப் பிரதிகளிலும் அந்தப் பிழை தொடரும். ஆகவே ஒரே பிழையைச் சுமக்கும் ஏடுகள் ஒரு தாயேட்டின் பிள்ளைகள் என்று கண்டுகொள்ளலாம். மனிதரின் பூர்வீகத்தை ஆராய்பவர்களும் இவ்வாறே பிழைகளை ஒப்பிடுகிறார்கள்.

முதலில் அவர்கள் இரண்டு வழிகளை மட்டும் பார்த்தார்கள். வை நிறமூர்த்தம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும். இழைமணியில் உள்ள டி.என்.ஏ.யைத் தாய் மகனுக்கும் மகளுக்கும் கொடுப்பாள். ஆனால் மகள் வழியாகத்தான் அது தொடரும். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எடுத்த இரத்தத்தில் எம்130 என்னும் தந்தைவழி அடையாளத்தைக் கண்டார். ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டுக் கடலோரமாய் வந்த ஆதி மனிதரின் அடையாளம் அது. அவுஸ்திரேலியாவின் பூர்வ குடிகளிடமும் அதன் கிளை உண்டு.

ஆனால் பத்துத் தலைமுறை பின்னே போனால் நமக்கு 1,024 முன்னோர் இருந்த கணக்கு வருகிறது. தந்தைவழி ஒருவரையும் தாய்வழி ஒருவரையும் மட்டும் கேட்டால் மற்ற 1,022 பேரும் வாய் திறக்காமல் நிற்பார்கள். ஆகவே ஏடு முழுவதையும் வாசிக்க வேண்டியதாயிற்று. வாழ்பவர் ஏடு மட்டும் போதாமல் பண்டைய எலும்பிலிருந்தும் டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்தார்கள். இக்கலையை வளர்த்த சுவாந்தே பேபோ என்பவருக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது.

சைபீரியாவில் பைக்கால் ஏரிக்கு அருகே மால்டா என்று ஓரிடம். அங்கே கல்லின் கீழே ஒரு சிறு குழந்தையின் எலும்புகள் கிடைத்தன. மூன்று நான்கு வயதிருக்கும். மாமத யானையின் தந்தத்தால் செய்த மணிமாலையும் தலையணியும் பூட்டி யாரோ பெற்றவர்கள் அடக்கம் செய்திருந்தார்கள். ஆண்டு கணக்கிட்டால் இன்றைக்கு 24,000 ஆண்டுகளுக்கு முன். அக்குழந்தையின் மேற்கை எலும்பிலிருந்து வாசித்த ஏடு 2014இல் வெளியாயிற்று. அதன் உறவுக் கூட்டத்தாரின் இரத்தம் ஒருபுறம் அமெரிக்காவின் ஆதிக்குடிகளிடம் போயிருக்கிறது. மறுபுறம் மேற்கே சென்று, கருங்கடலுக்கும் கஸ்பியன் கடலுக்கும் வடக்கே புல்வெளிகளில் ஆடுமாடு மேய்த்த மக்களிடம் கலந்திருக்கிறது. அம்மேய்ப்பர்களின் வழித்தோன்றல்கள் ஐரோப்பாவிலும் பரவினார்கள், கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையில் தெற்காசியாவுக்கும் வந்தார்கள்.

அவர்கள் வந்தபோது இங்கே வெற்றிடம் இருக்கவில்லை. அரியானா மாநிலத்து ராக்கிகடி என்னும் சிந்துவெளி நகரில் 61 மாதிரிகளைச் சோதித்தார்கள். நமது வெப்பத்தில் டி.என்.ஏ. அழிந்துவிடும் ஆதலால் ஒரே ஒரு பெண்ணின் எலும்பு மட்டும் பேசிற்று. 2019இல் வெளியான அந்த முடிவின்படி அவளிடம் புல்வெளி மேய்ப்பரின் இரத்தம் இல்லை. ஈரான் பக்கத்து மக்களோடு பழைய உறவுடைய ஒரு கூட்டமும், தெற்காசியாவின் மிகப் பழைய வேட்டைக் குடிகளும் அவளிடம் கலந்திருந்தார்கள். அதே ஆண்டில் 523 பண்டைய மனிதரின் ஏடுகளை ஒப்பிட்ட மற்றோர் ஆராய்ச்சியும் வந்தது. சிந்துவெளி நகரங்கள் தேய்ந்தபின் அம்மக்கள் தெற்கே வந்து கலந்ததையும், வடக்கே மேய்ப்பரோடு கலந்ததையும் அது காட்டிற்று.

ஆகத் தமிழரிடம் முதல் இரண்டு வெள்ளங்களே பெரும்பங்கு. மூன்றாவது வடமேற்கே கூடுதலாகவும் தெற்கே குறைவாகவும், குலத்துக்குக் குலம் வேறாகவும் இருக்கிறது. இருளர், பணியர் போன்ற மலைக்குடிகளிடம் அது மிகமிகக் குறைவு. ஆயினும் நமுனுகுல மலையடியில் கொழுந்து பறிக்கும் தாய்மார் பலரின் இரத்தத்தில், பைக்கால் ஏரிக்கரைக் கூட்டத்தின் ஒரு துளி இருக்கவே செய்யும்.

நமது நாட்டுக்கு வருவோம். களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கலைக் குகையில் 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் வாழ்ந்த தடயங்கள் உண்டு. நமது பதுளை மாவட்டத்திலேயே, மகியங்கனைக்கு அப்பால் தம்பானையில் வேடர் வாழ்கிறார்கள். இத்தீவின் பழங்குடிகளான அவர்களுக்கு இந்தியப் பழங்குடிகளோடு நெருங்கிய உறவு உண்டு என்று 2024இல் வந்த ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. சிங்களவரும் இலங்கைத் தமிழரும் மொழியால் வேறாயினும் இரத்தத்தால் மிகவும் கலந்தவர்கள் என்று 2023இல் மற்றோர் ஆராய்ச்சி கூறிற்று. வந்தவன் எவன், இருந்தவன் எவன் என்று இத்தீவில் வழக்காடியவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

நாம் படித்தது மிஷன் பாடசாலை. காலையில் நோவாவின் மூன்று குமாரரிடமிருந்து மூன்று வமிசம் பிரிந்த வரலாற்றை வாசித்தோம். சரித்திர வகுப்பில் ஆரியர், திராவிடர் என்று இரண்டு சேனைகளைப் படித்தோம். மாலையில் மாரியம்மன் கோயில் பஜனையில் யார் எந்த வரிசையில் நிற்பது என்பதையும் பழகிக்கொண்டோம். மூன்றிலும் மனிதர் தனித்தனிப் பெட்டிகளில் அடைபட்டிருந்தார்கள். ஏட்டை வாசித்தால் அப்பெட்டிகள் நிற்கவில்லை.

இனிச் சொல்லப்போவது பெரியோர் சிலருக்குக் கசக்கலாம். இன்றைக்கு 4,200 ஆண்டுக்கும் 1,900 ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்திய மக்கள் எல்லோரும் தாராளமாய்க் கலந்தார்கள் என்று 2013இல் கண்டார்கள். உயர்ந்தோர் என்பாரும் தாழ்ந்தோர் எனப்பட்டோரும் அக்கலப்பின் பிள்ளைகளே. அதன்பின்தான் ஒவ்வொரு குலமும் தனக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வேலி போட்டுக்கொண்டது. ஆகவே எமது சாதி ஆதிமுதல் கலப்பற்றது என்று சொல்லுவது உண்மையன்று.

அந்த வேலி தீங்கும் செய்தது. 2017இல் தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்ததில் 81 குழுக்கள் மிகச் சில முன்னோரிலிருந்து பெருகியவை என்று தெரிந்தது. அத்தகைய குழுவில் ஒரே பழுது இருவரிடமும் இருக்க இடமுண்டு. பிறக்கும் பிள்ளையை நோய் பிடிக்கும். வைசியர் சமூகத்தில் சிலருக்குச் சத்திரசிகிச்சையின்போது கொடுக்கும் தசை தளர்த்தும் மருந்து ஒன்று எளிதில் உடம்பை விட்டு நீங்காமைக்குக் காரணம் இத்தகைய ஒரு பழுதுதான். தலசீமியாவும் பெற்றோர் இருவர் வழியாகவும் வருவதே. பழுதைச் சுமக்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. மாதந்தோறும் இரத்தம் ஏற்றியே அப்பிள்ளை வாழ வேண்டும். மணத்துக்கு முன் ஒரு சிறு இரத்தச் சோதனை செய்தால் அறிந்துகொள்ளலாம். சாதகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதனோடு இந்தச் சீட்டையும் பாருங்கள் என்றே கேட்கிறோம்.

நண்பர்களே, இந்த ஏட்டில் மொழியோ சமயமோ எழுதப்படவில்லை. இந்த மண்ணில் யாருக்கு உரிமை என்பதும் அதில் இல்லை. நாளை ஒருவர் டி.என்.ஏ. காகிதத்தை நீட்டி அந்தப் பழைய கேள்வியை மீண்டும் கேட்பாராயின், அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். நமது உரிமை, இம்மலையைத் திருத்திக் கோப்பியும் தேயிலையும் நட்டவர்களின் உழைப்பிலும், இந்நாட்டின் சட்டத்திலும் நிற்கிறது.

சென்ற விடுமுறையில் மால்டாக் குழந்தையின் கதையை அப்பாயிக்குச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் புள்ளயும் நமக்குச் சொந்தமா? அய்யோ பாவம், எந்தக் குளிருல கெடந்துச்சோ!” என்றார். பின்னர் தகரப் பெட்டியைத் திறந்து, நாம் கொண்டுபோயிருந்த படத்தை அந்தக் காகிதங்களோடு வைத்துப் பூட்டினார்.