உடனிருந்து பேணுவோர்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நோயுற்றவரைக் காண வருவோர், “உடம்பு எப்படி இருக்கிறது?” என்று அவரை வினவுவர். இரவெல்லாம் விழித்து அவரைப் பேணுபவரை வினவுவோர் மிகச் சிலரே. வேற்றுமொழி வழங்கும் ஊரில் அவர் படும் பாடு இருமடங்கு.

எங்கள் இல்லத்தில் தாயார் பக்கவாதத்தால் படுக்கையுற்றிருந்த காலம். மருந்து கொடுத்தவர், “ரெண்டு பூட்டலா” என்றார். காலை, மாலை என இருவேளை என்பது பொருள். தெலுங்கு அறியாத மருமகளோ, ஒரே வேளைக்கு இரண்டு மாத்திரை எனக் கொண்டாள். அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மையார் கண்டு தடுத்திராவிடில் என்ன ஆகியிருக்குமோ! அன்றுமுதல் அவ்வம்மையார் நாள்தோறும் ஒரு மணி நேரம் தாயார் அருகில் அமர்ந்தார். அந்த நேரத்தில்தான் மருமகள் அமைதியாக உண்டாள், சற்றே கண்ணயர்ந்தாள். அதுவரை அவள் உண்டாளா என்று நாங்களே கேட்டதில்லை. வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

மருத்துவர் சிலர் இதனை முன்னரே உணர்ந்தனர். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளியரின் குடும்பத்தாரையும் கூடாரங்களில் உடன் தங்கச் செய்தார். 1957இல் தோன்றிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினரைச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்தது. இன்று வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். அங்கே கடைகளில் வங்க எழுத்துப் பலகைகள்; தங்குமிடங்கள் பலவற்றில் தாமே சமைத்துக்கொள்ள வசதி. அறிந்த மொழியும் பழகிய உணவும் கிடைப்பின், உடனிருப்பவரின் பாரம் பாதி குறையும்.

நாயுடுபேட்டையில் நாம் செய்யக்கூடியவை சில. மருத்துவமனைக்குச் செல்வோருடன் தெலுங்கு அறிந்த ஒருவர் செல்லட்டும். மருந்து உண்ணும் முறையைத் தமிழில் எழுதித் தரட்டும். நோயாளியுள்ள வீட்டிற்கு வாரம் ஒருமுறை ஒருவர் சென்று, பேணுபவருக்கு ஒரு மணி நேரம் ஓய்வு அளிக்கட்டும். முதியோர்க்கான 14567 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை எல்லாரும் குறித்துக்கொள்ளட்டும்.

இவ்வுதவி தமிழர்க்கு மட்டும் உரியதன்று. தெலுங்கு, உருது பேசும் இல்லங்களுக்கும் செல்வோம். ஒவ்வோர் இல்லத்திற்கும் ஒரு வழக்கம் உண்டு. உணவு எது, உள்ளே வரத்தக்கவர் யார் என்பதை முன்னரே கேட்டறிந்து நடப்போம். எங்கள் தாயாரைக் காத்த கரம் தமிழ்க் கரம் அன்று.

இன்று இல்லம் திரும்பும் வழியில் ஒரு கதவையேனும் தட்டுவோம். பேணுபவரை நோக்கி, “சாப்பிட்டீர்களா?” என்று கேட்போம்.