பெரும்பாடு
(மகாவீரர் செயந்தி விழாவில் காட்டேரிக்குப்பத்தில் ஆற்றிய உரை)



காப்பியம் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று ஒரு சொல்லைப் பற்றியே பேச விழைகிறேன். மாதவிலக்கில் அளவு மீறிய உதிரப்போக்கிற்கு நம் முன்னோர் ‘பெரும்பாடு’ என்று பெயரிட்டனர். பெயர் இருந்தும் நாம் அதனை வாய்விட்டுச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. நாற்பதாம் வயதில், அந்நாள்களில் அடர்நிறப் புடைவை உடுத்தியே பள்ளிக்குச் செல்வேன். நாற்காலியை விட்டு எழ அஞ்சி, கரும்பலகையில் எழுத மாணவியரை ஏவுவேன்.

ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்துவிட்டு, “கட்டி இருக்கிறது, கருப்பையை எடுக்காவிட்டால் புற்றுநோயாகும்” என்று நாளும் குறித்துவிட்டனர். “இன்னோரிடத்திலும் கேட்டுவிடலாம்மா” என்று என் மாமியார்தாம் கோரிமேடு ஜிப்மருக்கு அழைத்துச் சென்றார். கருப்பைத் தசையில் தோன்றும் நார்க்கட்டி இது, புற்றாக மாறுவது மிக அரிது, மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும் என்று அங்கே விளக்கினர். உதிரப்போக்கைக் குறைக்க மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் தந்தனர். கருப்பை இன்றும் என்னிடமே இருக்கிறது.

கருப்பையின் உட்சவ்வு தசைக்குள் ஊடுருவினால் அடினோமயோசிஸ். காம்புபோல் வளர்ந்தால் பாலிப். இவையும் பெரும்பாலும் தீங்கற்றவையே. சவ்வு தடித்தலில் ஒருவகை மட்டும் புற்றுக்கு முன்நிலையாகலாம். ஆதலின் திசுப் பரிசோதனை செய்வர்.

இராசத்தான், பீகார், சத்தீசுகர் மாநிலங்களில் ஏழைப் பெண்களின் கருப்பைகள் தேவையின்றி அகற்றப்படுவதாக மருத்துவர் நரேந்திர குப்தா 2013-இல் உச்சநீதிமன்றத்தில் வழக்கிட்டார். மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்திற்குள் ஏற்க வேண்டுமெனத் தீர்ப்பு வந்தது 2023 ஏப்ரலில். பத்தாண்டு! 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 3.3 பேர் கருப்பை நீக்கப்பெற்றவர்கள். எடுக்கவே கூடாதென்று நான் கூறவில்லை. மருந்துக்கு அடங்காதபோது அதுவே விடுதலை. எடுக்கும்போது சூலகங்களையும் சேர்த்து எடுப்பார்களா, ஏன் என்று கேளுங்கள். அவற்றை இளவயதில் இழந்தால் எலும்பு தேயும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒன்று. பொழுது சாயுமுன் உண்ணும் நமக்கு மாலைத் தேநீர் உணவை ஒட்டியே வந்துவிடுகிறது. அது முருங்கைக்கீரையின் இரும்பை உடலில் சேரவொட்டாது. தேநீரைத் தள்ளி வையுங்கள், எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். உதிரம் குன்றிய மருமகளை உண்ணாநோன்புக்கு வற்புறுத்தாதீர்கள், மாமியார்களே.

மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி உதிரம் கண்டாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரைப் பாருங்கள். வெட்கத்தால் அவையில் கேட்க இயலாதவர்களுக்காக, கூட்டம் முடிந்தபின் சமையற்கூடத்துப் பின்திண்ணையில் அமர்ந்திருப்பேன்.