யாளி: பெயரும் பொருளும்
(ஆலயத் திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிராகாரத்தை வலம் வரும் குழந்தை தூணைச் சுட்டி, "இது என்ன மிருகம்?" என்று வினவினால், பெற்றோர் பலரும் கூறும் விடை "சிங்கம்" என்பதே. "சிங்கத்திற்கு ஏது துதிக்கை?" என்று அக்குழந்தை மீண்டும் கேட்டால் விடை கிடைப்பது அரிது. அவ்வுருவத்திற்குத் தமிழில் தனிப்பெயர் உண்டு. அதுவே யாளி. பெயர் மறைந்தால் பொருளும் உடன் மறையும். மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில், யாளித் தலைகள் சூழப் பல்லவர் குடைந்த மண்டபம் இன்று புலிக்குகை என்றே வழங்குகிறது.

சங்க நூல்களில் இவ்விலங்கின் பெயர் ஆளி. யாண்டு ஆண்டு, யாறு ஆறு, யாமை ஆமை, யானை ஆனை என இருவகையாலும் வழங்கும் சொற்கள் தமிழில் பல; ஆளியும் யாளியும் அவ்வரிசையில் எளிதாய் அமைகின்றன. குறிஞ்சிப்பாட்டு, மலைவழியின் கொடுவிலங்குகளைக் கூறுமிடத்துப் புலியையும் கரடியையும் அடுத்து ஆளியையும் வைக்கிறது. நற்றிணையில் ஓர் ஆளி, புலியைக் கொன்ற களிற்றையே பற்றி இழுக்கிறது. அகநானூற்றிலோ யானையின் முகத்தில் மோதி அதன் வெண்கொம்பைப் பறிக்கிறது. பொருநராற்றுப்படை கூறும் உவமை இவை எல்லாவற்றினும் சிறந்தது. தாய்ப்பால் மறவாத ஆளிக்குட்டி தன் முதல் வேட்டையிலேயே களிற்றை வீழ்த்தியதுபோல, இளைஞனான கரிகாலன் வெண்ணிப் போரில் சேரனையும் பாண்டியனையும் வென்றான் என்பது அது.

இப்பாடல்களில் ஆளிக்குக் கூரிய நகம் உண்டு, வலிமை உண்டு, துதிக்கை பேசப்படவில்லை. அதனைத் தந்தது சிற்பியின் உளி. பாட்டில் யானையைக் கொன்ற விலங்கு, கல்லில் அவ்யானையின் துதிக்கையையே தன் முகத்தில் பூண்டு நிற்கிறது! சிற்ப மரபில் இதற்கு வியாளம் என்று பெயர். சிம்ம வியாளம், கஜ வியாளம், அசுவ வியாளம் என முகத்திற்கேற்ப வகை பிரிப்பர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் யாளி வரிக்கு வியாளவரி என்றும் பெயர். வடக்கே கஜுராஹோ கோயில்களிலும் வியாளங்கள் நிரம்ப உள்ளன.

வியாளம் என்ற வடசொல்லே யாளி எனத் திரிந்தது என்போர் உண்டு. ஆளி தமிழ்ச்சொல்லே என்போரும் உண்டு. "ஆள்" என்னும் வினையடியாகப் பிறந்து, காட்டை ஆள்வது ஆளி ஆயிற்று என்ற விளக்கம் செவிக்கு இனியது. ஆயினும், இனிமை ஒன்றே சான்றாகாது. முதலாளியிலும் தொழிலாளியிலும் உள்ள ஆளி வேறு. எண்ணெய் வித்தாகிய ஆளி வேறு. ஒலி ஒன்றாயிருத்தல் உறவைக் காட்டிவிடாது. யாளி முன்னொரு காலத்தில் உண்மையாகவே வாழ்ந்து அழிந்தது என்பாரும் உளர். அதற்கு எலும்பொன்றும் இதுவரை சான்றாகக் கிடைத்திலது.

பிறப்பு எதுவாயினும், பொருளில் ஒரு வேறுபாடு உண்டு. வியாளம் என்ற வடசொல்லுக்குப் பாம்பு, கொடுவிலங்கு, அடங்காத யானை என்பவற்றோடு தீயவன் என்ற பொருளும் உண்டு. அவ்வாறாயின், அதனை இறைவன் சந்நிதிக்கு முன் நிறுத்துவது தகுமா என்ற ஐயம் எழலாம். சங்கப் புலவர் ஆளியை அஞ்சினர், ஆனால் இழித்துரைக்கவில்லை. மன்னனைப் புகழவே அதனை உவமையாக்கினர். சிற்பியரும் அதன் சீற்றத்தைக் குறைக்காமல், அதன்மேல் வீரனை அமர்த்திக் காட்டினர். திருவரங்கத்தில் நம்பெருமாள் யாளி வாகனத்திலும் உலா வருகிறார்.

விஜயநகர, நாயக்கர் கால மண்டபங்களில் யாளிகள் தூணின் உயரத்திற்கே எழுந்தன. மதுரையிலும் கிருஷ்ணாபுரத்திலும் அவற்றைக் காணலாம். சில கோயில்களில் யாளியின் வாய்க்குள் கல்லுருண்டை ஒன்று இருக்கும். விரலால் உருட்டலாம்; வெளியே எடுக்க இயலாது. அது பின்னர் உள்ளே இடப்பட்டதன்று. பல்லிடுக்கின் வழியே உளியைச் செலுத்தி, அதே கல்லிலிருந்து சிற்பி விடுவித்தது.