ஏழாம் பொத்தானில் லண்டன்



"ஆபீஸை ஓட்டியது மனசில் இருந்த நம்பரா, மெஷினில் இருந்த நம்பரா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் மெஷினுக்காகப் பேச வந்தவள். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் ஃபேக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இதற்குத் தொலைநகல் என்று நல்ல தமிழ்ப் பெயர் உண்டு. எங்கள் லெட்டர்ஹெட்டில்கூட அப்படித்தான் அச்சடித்திருந்தது. ஆனால் "தொலைநகல் வந்திருக்குதுங்க" என்றால் எங்கள் முதலாளி "என்ன தொலைஞ்சு போச்சு?" என்று பதறுவார். அதனால் இந்த மேடையிலும் ஃபேக்ஸ் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு முன் பேசிய அண்ணன் ஒரு காரியம் செய்தார். சென்னை பேங்கின் ஃபேக்ஸ் நம்பரைக் கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தார். "தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்" என்றார். சபையே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டிவிட்டு, அவர் சொன்ன நம்பரை இந்தத் துண்டுச் சீட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இது என் கையிலேயே இருக்கட்டும், அப்புறம் வருகிறேன்.

பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் சரக்கு வாங்கும் லண்டன் பையருக்கு ஒரு தாள் அனுப்ப என்ன செய்வோம் தெரியுமா? முதலில் 0 அடித்து வெளி லைன் பிடிக்க வேண்டும். லைன் வரும்வரை ஒரு நொடி பொறுக்க வேண்டும். பிறகு வெளிநாட்டுக்கு 00, இங்கிலாந்துக்கு 44, லண்டனுக்கு அப்போது 171, அதற்குப் பிறகுதான் பையருடைய ஏழு இலக்கம். கூட்டிப் பாருங்கள், பதினைந்து அழுத்தல். இதை எப்போது செய்வோம்? மத்தியானம் ஒரு மணிக்கு மேல்தான் ஐரோப்பாவில் கடை திறப்பார்கள். நமக்கு அவசரம் எல்லாம் சாயங்காலம்தான் பிறக்கும். கூரியர்க்காரர் வாசலில் வண்டியை நிறுத்தாமல் உறுமிக்கொண்டு நிற்பார், மெர்ச்சண்டைசர் தலைக்கு மேல் நின்று "போச்சா, போச்சா" என்பார், சாம்பிள் பார்சலுக்கு டேப் ஒட்டுகிறவன் கத்தரிக்கோல் கேட்பான். அந்த நேரத்தில் பதினைந்து எண்களை விரலில் ஓட்டச் சொல்கிறது எதிரணி.

நான் சொல்வது வேறு. காலையில் பத்து மணிக்கு மெஷின் சும்மா இருக்கும். அப்போது நிதானமாக உட்கார்ந்து, பையர் லெட்டர்ஹெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருவர் வாசிக்க ஒருவர் அடித்து, அந்த நம்பரை ஒரே ஒரு தடவை, மெஷினில் நம்பர் சேமிக்கும் ஏழாம் பொத்தானில் ஏற்றிவிடுங்கள். ஒரு தாளில் "டெஸ்ட்" என்று எழுதி அனுப்பிப் பாருங்கள். எதிர்முனை மெஷினில் பெயர் போட்டு வைத்திருந்தால் அது தன் பெயரைச் சொல்லும். நம் ரிப்போர்ட்டில் அச்சாகி வரும். சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு சாயங்காலம் கூரியர்க்காரர் எவ்வளவு உறுமினாலும் ஒரு அழுத்தல்தான். கவனம் என்பது நம்மிடம் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லையே! இருக்கிற நேரத்தில் செலவழித்துவிட வேண்டும்.

சின்ன விஷயம் ஒன்று, இது ஆபரேட்டர்களுக்கு மட்டும்தான் புரியும். வெளி லைனுக்காக 0 அடித்தபின் பொறுக்க வேண்டும் என்றேனே, அந்தப் பொறுமையையும் சேர்த்தே மெஷினில் ஏற்றலாம். பானாசோனிக் மெஷினில் ரீடயல் பொத்தானே பாஸ் பொத்தானும். நம்பர் ஏற்றும்போது 0-க்குப் பிறகு அதை ஒருமுறை அழுத்தினால், மெஷின் தானாக நின்று மூச்சு விட்டுவிட்டு மேலே போகும். மனுசனுக்கு வராத பொறுமை.

இப்போது என் தப்பையே சொல்கிறேன். நமக்கு வெளியூர்க் கோடுகள் எப்படி? திருப்பூர் 0421, கோயமுத்தூர் 0422, ஊட்டி 0423, ஈரோடு 0424. கூடப்பிறந்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கும். ஒருநாள் கோயமுத்தூரில் ஒரு பேங்குக்கு எல்.சி. விஷயமாக அவசரக் கடிதம். அந்த நம்பரை நான் ஏற்றி வைக்கவில்லை. மனப்பாடம் என்கிற மிதப்பு; இன்றைக்கு எதிரணியில் இருக்கிற அதே மிதப்பு. கையால் அடித்தேன். ஸ்பீக்கரில் ஒரு அம்மா குரல், "ஹலோ... ஆருங்க?" என்றது. பேங்கில் யாரோ ஆள் தெரியாமல் எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து ரீடயல் அழுத்தினேன். மறுபடி "ஹலோ". மறுபடி ரீடயல். ஃபேக்ஸ் மெஷின் அழைத்தால் எதிரே எடுத்தவர் காதில் மூன்று விநாடிக்கு ஒருமுறை பீப் சத்தம் மட்டும்தான் விழும். பாவம், அந்த அம்மா ஐந்து தடவை எடுத்து ஐந்து தடவையும் பீப்பைக் கேட்டார். ஆறாவது தடவை சலித்துப்போய்ப் புதிதாக நம்பர் அடித்தேன், போய்விட்டது. நானும் மறந்துவிட்டேன்.

மாதக் கடைசியில் எஸ்.டி.டி. பில் வந்தது. 0423 என்று ஐந்து அழைப்பு வரிசை கட்டி நின்றது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏனம்மணி, நம்ம கம்பெனிக்கு ஊட்டியில யாரு சொந்தம்?" என்றார்.

2-க்குப் பக்கத்தில் 3. அவ்வளவுதான் விஷயம். இன்னொன்றையும் கவனியுங்கள்: கையால் அடித்த தப்பையும் ரீடயல் என்கிற பெயரில் மெஷின் சேமித்துத்தான் வைத்தது. ஆக, சேமிப்பிலிருந்து யாரும் தப்பவில்லை. சரியானதைச் சேமிக்கிறோமா, தப்பைச் சேமிக்கிறோமா என்பதுதான் பாக்கி.

ஊட்டியோடு போனது என் அதிர்ஷ்டம். பிரிட்டனில் தகவல் ஆணையர் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. 2010-இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் கவுன்ட்டி கவுன்சிலுக்கு அது ஒரு லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. வக்கீல்களுக்குப் போக வேண்டிய ஒரு குழந்தை வழக்கின் தாள்கள் சம்பந்தமே இல்லாத ஒரு பொதுஜனத்தின் மெஷினில் போய் விழுந்தன. அந்தச் சூடு ஆறுவதற்குள் இன்னொரு ஃபேக்ஸும் வழி தவறியது. 2013-இல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்துக்கு எழுபத்தைந்தாயிரம் பவுண்டு. வாடிக்கையாளர்களின் கணக்குத் தாள்கள் பேங்கின் ஒரு பிரிவுக்குப் போவதற்குப் பதிலாக, அந்த நம்பரிலிருந்து ஒரே ஒரு இலக்கம் மாறுபட்ட வேறொரு இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தன. ஒரே ஒரு இலக்கம்! என்னுடைய 3-க்கு எழுபத்தைந்தாயிரம் பவுண்டு போட்டிருந்தால் நான் இன்னும் சம்பளம் வாங்காமல் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அண்ணன் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். அதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. "ஒரு பொத்தானை அழுத்தினால் மெஷின் மொத்த லிஸ்ட்டையும் அச்சடித்துக் கொடுத்துவிடும். வேலையை விட்டுப் போகிறவன் பையர் நம்பர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு பக்கத்து கம்பெனிக்குப் போய்விடமாட்டானா?" என்றார். திருப்பூரில் இது வேடிக்கைக் கேள்வி இல்லை. பையர் யார், எங்கே இருக்கிறார் என்பதுதான் நம் ஊரில் பூட்டி வைக்கிற நகை. எங்கள் முதலாளியே முதல் இரண்டு வருடம் ஹாம்பர்க் நம்பரை ஏற்ற விடவில்லை. அது எங்கள் மேனேஜர் தலையில் மட்டும் இருந்தது. அவர் டைரியில்கூட எழுத மாட்டார்.

அந்த மேனேஜர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றார். தலையோடு போய்விட்டார். ஹாம்பர்க்கும் கூடவே போய்விட்டது. பழைய ஃபேக்ஸ்களில் மேலே நம்பர் அச்சாகியிருக்குமே, அதைப் பார்ப்போம் என்று ஃபைலைத் திறந்தோம். தெர்மல் பேப்பர், நம் ஊர் வெயிலுக்கு வெளுத்துப்போய்ச் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து, நானும் அக்கவுண்டன்ட்டும் ஆளுக்கொரு இலக்கமாக ஊகம் செய்தோம். அப்புறம் சென்னையில் இருந்த பையிங் ஏஜென்ட்டைப் பிடித்து, "எங்க பையர் நம்பர் கொஞ்சம் கொடுங்க" என்று வெட்கத்தை விட்டுக் கேட்டோம். அண்ணா, மெஷினிலிருந்து லிஸ்ட்டைத் திருடுகிறவன் ஒரு பிரதியைத்தான் எடுத்துப் போவான். நமக்கு நம்பர் மிஞ்சும். மனப்பாடக்காரர் போனால் நமக்கு என்ன மிஞ்சும்?

அடுத்த நாளே முதலாளி என்னிடம் வந்து, "எல்லாத்தையும் ஏத்திரு அம்மணி" என்றார். அன்றைக்குத்தான் நம்பர் கம்பெனிக்குச் சொந்தமானது. அதுவரை அது மேனேஜருக்குச் சொந்தம். அதற்குப் பிறகு நான் லீவு போட்டால்கூட பேக்கிங் செக்‌ஷன் பையன் வந்து ஏழாம் பொத்தானை அழுத்திவிட்டுப் போவான். பத்தாவது ஃபெயிலான பையன் லண்டனுக்குப் பேசினான்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், நடுவர் ஐயா. பொத்தான் முறைக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. கையால் தப்பாக அடித்தால் பெரும்பாலும் யாரோ ஒரு அம்மா "ஹலோ" என்பார். பக்கத்துப் பொத்தானைத் தப்பாக அழுத்தினாலோ எதிரே நிச்சயமாக ஒரு ஃபேக்ஸ் மெஷின் இருக்கும், சமர்த்தாகத் தாளை வாங்கிக்கொள்ளும், நமக்கும் "ஓ.கே." என்று ரிப்போர்ட் வரும். ஒருமுறை லண்டனுக்குப் போட்ட விலை பாரிஸுக்குப் போய்விட்டது. ஒரே டி-ஷர்ட், ஒரே துணி எடை, லண்டனுக்குக் கொஞ்சம் குறைத்திருந்தோம். பாரிஸ்காரர் பதில் அனுப்பினார். ஒரே ஒரு கேள்விக்குறி. தாள் முழுக்க வேறு எதுவும் இல்லை.

அதன்பிறகு நாங்கள் என்ன செய்தோம்? பொத்தான்களைப் பிடுங்கி எறியவில்லை. வரிசையை மாற்றினோம். எந்த இரண்டு பையரும் பக்கத்துப் பக்கத்துப் பொத்தானில் இருக்கக் கூடாது. நடுவில் எங்கள் சொந்த டையிங் யூனிட், அந்தப் பக்கம் எங்கள் சொந்தக் குடோன், ஷிப்பிங் ஏஜென்ட் என்று போட்டோம். விரல் சறுக்கினால் நம் வீட்டுக்குள்ளேயே விழட்டும். பெயர் திரையில் வரும்வரை காத்திரு, வாய்விட்டுப் படி, பிறகு தாளை விடு என்று பையனுக்குச் சொல்லிவைத்தேன். அவன் கோயில் மணி மாதிரி "லண்டன்!" என்று கத்திவிட்டுத்தான் அனுப்புவான். செக்கிங்கில் இருக்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

மின்வெட்டில் மெமரி அழிந்துவிடுமே என்றார்கள். சில பழைய மெஷின்களில் அந்தத் தொல்லை இருந்தது, உண்மைதான். லிஸ்ட்டை அச்சடித்து, மறக்காமல் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைத்தால் தீர்ந்தது. ஜெராக்ஸ் ஏன் என்று ஹாம்பர்க் கதை கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி கடைசி விஷயம். நம்பர் என்பது கல்வெட்டு இல்லையுங்க. எங்கள் லண்டன் பையர் வீடு மாறவே இல்லை, ஆனால் அவர் நம்பர் ஐந்து வருடத்தில் இரண்டு தடவை மாறியது. 1995 ஏப்ரல் 16-இல் 71 என்பது 171 ஆனது. 2000 ஏப்ரல் 22-இல் அதுவும் போய், 20 என்று கோடு வந்து முன்னால் ஒரு 7 ஒட்டிக்கொண்டது. நடுவில் 1996-இல் பிரான்சில் நாடு முழுக்க நம்பரைப் பத்து இலக்கம் ஆக்கினார்கள். அதன்பிறகு 2000-களின் தொடக்கத்தில் நம் ஊரிலும் லேண்ட்லைன் நம்பர்களுக்கு முன்னால் 2 போட்டார்கள். ஆறு ஏழானது, சென்னையில் ஏழு எட்டானது. அந்த வாரம் நான் ஒரே காலையில் உட்கார்ந்து மெஷினில் அத்தனை உள்ளூர் நம்பருக்கும் முன்னால் 2 போட்டு முடித்தேன். மத்தியானச் சோற்றுக்கு முன்பே வேலை முடிந்தது. மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் மாதக்கணக்கில் பழைய நம்பரை அடித்துவிட்டு, ரிசீவரில் பேசும் பதிவுக் குரலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மனசுக்கு ஒரு குணம் உண்டு: முதலில் படித்ததை அது விடாது. அதுதான் அதன் பெருமை, ஃபேக்ஸ் அனுப்பும்போது அதுவே இடைஞ்சல்.

நடுவர் ஐயா மணியைத் தொடுகிறார். முடித்துவிடுகிறேன். இந்தத் துண்டுச் சீட்டை மறக்கவில்லை. அண்ணன் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன் என்ற சென்னை பேங்க் நம்பர், இதோ இருக்கிறது. அவர் பேசி முடித்ததிலிருந்து மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

ஏழு இலக்கம்தான் இருக்குதுங்கண்ணா. முன்னால் அந்த 2-ஐக் காணோம். என் மெஷினில் அதைப் போட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.