கோகமும் குடம்புளியும்



மராட்டிய மண்ணில் குடியேறிய நமக்குக் கோகம் புதிதன்று. கோடையில் புனே நகரத்து அண்டை வீட்டார் அன்போடு நீட்டுவது கோகம் சர்பத்தே. கொங்கண மக்கள் அதன் பழத்தோலைப் பழச்சாற்றிலேயே பலமுறை தோய்த்து உலர்த்தி, ஆம்சூல் என்ற பெயரால் பருப்பிலும் மீனிலும் இடுகின்றனர். அதற்கு நெருங்கிய உறவு, நம் குமரி மாவட்டத்து மீன் குழம்பில் மணக்கும் குடம்புளி. சிறு பூசணி போன்ற அப்பழத்தின் தோலைப் புகையில் கருக உலர்த்துவர். ஈழத்தமிழர் அதனைக் கொறுக்காய் என்பர்.

குடம்புளியின் புளிப்பு டார்டாரிக், சிட்ரிக் அமிலங்களால் ஆனது என்றே முன்பு எண்ணியிருந்தனர். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகத்து லூயிஸ், நீலகண்டன் என்னும் இருவர், அது ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்று 1965-இல் நிறுவினர். நம் நாட்டார் செய்த நற்பணி! கோகத்திலும் இவ்வமிலம் உண்டு. உடலில் சர்க்கரைப் பொருள் கொழுப்பாக மாறத் துணைபுரியும் நொதி ஒன்றை இது தடுக்கிறது. இதனை உண்ட எலிகள் குறைவாகத் தின்றன. எடையும் குறைவாகவே ஏறின.

எலிக்கு ஆனது மனிதனுக்கும் ஆகும் என்று வணிகர் முடிவு கட்டிவிட்டனர். குடம்புளிச் சத்து மாத்திரைகள் உலகெங்கும் விற்பனைக்கு வந்தன. இன்று நம் காலனியிலும் திருமணத்திற்கு நாள் குறித்த பெண்களின் கைக்கு அவை எளிதில் வந்து சேருகின்றன.

மனிதரிடம் சோதித்தபோது கண்டதென்ன? நியூயார்க்கில் பருமனுடைய 135 பேரை இரு பிரிவாக்கி, 12 வாரம் ஒரே வகையான அளவுணவு அளித்தனர். ஒரு பிரிவினர்க்கு நாள்தோறும் 1500 மில்லிகிராம் இவ்வமிலம். மற்றவர்க்கு மருந்தற்ற போலி மாத்திரை. 1998-இல் முடிவு வெளியாயிற்று. அமிலம் உண்டோர் சராசரி 3.2 கிலோ இளைத்தனர். போலி உண்டோர் 4.1 கிலோ! இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. ஆயினும் மாத்திரையால் பயனில்லை என்பது தெளிவு. இளைக்க வைத்தது அளவுணவே.

பணம் மட்டும் போவதாயின் நாம் இத்துணை வற்புறுத்தோம். இத்தகைய மாத்திரைகளை உண்டோர் சிலர்க்குக் கல்லீரல் கெட்டதாக மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. மாற்றுக் கல்லீரல் பொருத்தும் நிலைக்கு வந்தோரும் உளர். பல மாத்திரைகளில் வேறு சரக்குகளும் கலந்திருந்தமையால் பழி முழுவதையும் குடம்புளியின் மீது சுமத்துவதற்கில்லை. குழம்பில் இரண்டு சுளை இடுவது வேறு. வடித்தெடுத்த சத்தை மாதக் கணக்கில் விழுங்குவது வேறு.

ஏற்கெனவே உண்டு வருவோர் இன்றே நிறுத்திவிடுக. கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, பசியற்று வாந்தி எடுத்தாலோ, காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்க. மாத்திரைப் புட்டியையும் மறவாது எடுத்துச் செல்க. ‘மூலிகைதானே’ என்று அதனைச் சொல்லாது விடுவோர் நம்மிடையே பலர்.