முதலில் முடித்துவிடும் பிள்ளை

(பங்கின் பொன்விழாவை ஒட்டி நடைபெற்ற பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் நிகழ்த்திய உரை)

 

எங்கள் இருவரையும் சேர்ந்தே பேசும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். எங்களில் ஒருவர் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. மற்றவர் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவர். ஒருவர் எழுத, மற்றவர் திருத்திய உரை இது. நல்ல பகுதிகள் யாருடையவை என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

மீத்திறன் மிக்க மாணவர்களை வகுப்பில் எப்படி நடத்துவது என்பது எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு. எங்கள் பணிக்காலம் முழுவதும் மெல்லக் கற்போரைப் பற்றித்தான் பயிற்சிகள் நடந்தன. அவர்களுக்கு மாலை வகுப்பு உண்டு, தனிப் பதிவேடு உண்டு, அதிகாரிகள் வந்தால் முதலில் கேட்பதும் அவர்களைப் பற்றித்தான். அது நியாயமே; அதைக் குறைசொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் வகுப்பின் மறுகோடியில் ஒரு பிள்ளை இருக்கிறதே, நாம் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடும் பிள்ளை, அதைப்பற்றி எவரும் எங்களைக் கேட்டதில்லை. “அவனுக்கென்ன, தானே படித்துக்கொள்வான்” என்பதே எல்லோருடைய எண்ணமும். எங்கள் எண்ணமும் அதுதான்.

1991ஆம் ஆண்டு ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். தகப்பனார் கூலி வேலை செய்பவர். பத்துக் கணக்கு கொடுத்தால் மற்றவர்கள் மூன்றாவதைத் தொடும்போது அவன் பத்தையும் முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். சும்மா இருக்கும் பிள்ளை பக்கத்தில் இருப்பவனைச் சீண்டும் அல்லவா? ஆகவே நாங்கள் அவனுக்கு வேலை கொடுத்தோம். சாக்பீஸ் எடுத்து வரச் சொன்னோம், மணி அடிக்கச் சொன்னோம். நாளடைவில் தூக்குவாளியைக் கையில் கொடுத்து, ஆசிரியர்களுக்குத் தேநீர் வாங்கிவர அனுப்பினோம். அவனும் மகிழ்ச்சியோடு ஓடினான். பாராட்டு என்றே அவனும் நினைத்தான், நாங்களும் நினைத்தோம். ஓர் ஆண்டில் எத்தனை கணக்கு வகுப்புகளை அவன் தேநீர்க் கடை வாசலில் கழித்தான் என்று இப்போது எண்ணிப் பார்த்தால் தூக்கம் வருவதில்லை.

எட்டாம் வகுப்புக்கு வந்தபோது அவன் வேறு பையனாக இருந்தான். வீட்டுப்பாடம் எழுதுவதில்லை, கேட்டால் எதிர்த்துப் பேசுவான். ‘திமிர் பிடித்தவன்’ என்று ஆசிரியர் அறையில் பெயர் வாங்கினான். இயற்கணிதத்தில் முதன்முதலாக ஒரு கணக்கு அவனுக்கு உடனே வரவில்லை. அதுவரை எதற்கும் முட்டிமோதிப் பழக்கமில்லாதவன், தனக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டிவிட்டான். அந்தக் கோடை விடுமுறையில் மோட்டார் காயில் கட்டும் கடையில் சேர்ந்தவன் பள்ளிக்குத் திரும்பவில்லை. குடும்பத்தின் ஏழ்மையும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பள்ளியில் அவனுக்குச் சுவையாக ஏதேனும் இருந்திருந்தால் அந்தத் தகப்பனாரிடம் போய்ப் பேச எங்களுக்கும் வாய் இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் நாங்கள் இதைப்பற்றிப் படிக்கத் தொடங்கினோம். முதலில் தெரிந்துகொண்டது, சீக்கிரம் முடித்தவனுக்கு அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது தண்டனை என்பது. விரைவாகக் களை பறித்த ஆளுக்கு இன்னொரு பாத்தியைக் காட்டினால் அடுத்த நாள் அவரும் மெல்லத்தான் பறிப்பார். பிள்ளைகளும் அப்படியே. தெரிந்ததை மறைத்து, மெதுவாக எழுதக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆகவே முறையை மாற்றினோம். பயிற்சியின் கடைசியில் இருக்கும் மிகக் கடினமான ஐந்து கணக்குகளை முதலில் போட்டுப் பார்க்கலாம் என்று வகுப்பு முழுவதற்கும் அறிவித்தோம். ஐந்தில் நான்கு சரியென்றால் மற்றவற்றைச் செய்ய வேண்டியதில்லை. மிச்சமாகும் நேரம் அவர்களுக்குச் சொந்தம். அந்த நேரத்துக்கென்று பின்வரிசையில் ஒரு பெட்டி வைத்தோம். புதிர் அட்டைகள், பழைய அறிவியல் ஏடுகள், உடைந்த ஒரு சுவர்க் கடிகாரம்கூட. எல்லோருக்கும் திறந்த வாய்ப்பு என்பதால் பொறாமை எழவில்லை. நாங்கள் எதிர்பாராத ஒரு பெண், எப்போதும் வாய் திறவாதவள், மூன்றாம் நாளே நான்கு சரியாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

அடுத்தது, எல்லோரும் நுழையக்கூடிய, ஆனால் எளிதில் முடிந்துவிடாத கேள்விகளைக் கேட்பது. ஒன்றைச் சொல்கிறோம். 24 மீட்டர் வேலி இருக்கிறது. செவ்வகமாக ஆட்டுப்பட்டி அடைக்க வேண்டும். எத்தனை விதமாக அடைக்கலாம்? எதில் ஆடுகளுக்கு இடம் அதிகம்? மெல்லக் கற்கும் பிள்ளையும் ஒரு விடை சொல்லும்: நீளம் 11, அகலம் 1, பரப்பு 11 சதுர மீட்டர். இன்னொருவர் 8க்கு 4 என்பார், 32 வரும். கடைசியில் 6க்கு 6, பரப்பு 36 என்று வகுப்பு கண்டுபிடித்துவிடும். அங்கே நிறுத்தாமல், “ஒரு பக்கம் கோயில் மதில் இருந்து மூன்று பக்கம் மட்டும் வேலி போட்டால்?” என்று கேட்டால் விரைவான பிள்ளைகளும் நெற்றியைச் சுருக்குவார்கள். சதுரம்தான் என்று அடித்துச் சொல்வார்கள். சதுரம் போட்டால் 64தான் வரும். 12க்கு 6 போட்டால் 72. ஏன் என்ற விவாதத்தில் ஒரு பாடவேளை போய்விடும். அந்தப் பாடவேளையில் எவரும் தேநீர் வாங்கப் போகவில்லை.

சிலர் கேட்பார்கள்: கெட்டிக்காரப் பிள்ளையை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விட்டால் போதாதா? இது நமக்கு மிகப் பழைய வழக்கம். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை நம் தாத்தாமார் அறிவார்கள். 1789 முதல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்கான இல்லத்தைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்பவர், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பித்தார். அதை 1797இல் நூலாக வெளியிட, இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. சேசு சபையார் 1599இல் வெளியிட்ட கல்வி விதித்தொகுப்பிலும் மாணவரே மாணவரிடம் பாடம் ஒப்புவிக்கும் ஏற்பாடு உண்டு. கற்பித்தால் கற்பது உறுதிப்படும் என்பது உண்மைதான். ஆனால் பெல்லுக்குச் சட்டாம்பிள்ளைகள் தேவைப்பட்டதற்குக் காரணம் ஆசிரியர் பற்றாக்குறை. நம் பற்றாக்குறையை நிரப்புவதற்காக ஒரு பத்து வயதுப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. அதுவும் ஏதோ ஒன்றைப் புதிதாகக் கற்கத்தான் வருகிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கட்டும், தினமும் வேண்டாம். (சேசு சபையாரின் அந்த விதிகளிலேயே, கூடுதலாகக் கற்க விரும்பும் மாணவர்களுக்குத் தனிக் கழகங்களும் சொல்லப்பட்டிருந்தன. அதை நாம் மறந்துவிட்டோம்.)

மீத்திறன் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலும் நாம் தடுமாறுகிறோம். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளில் பலர் கடும் உழைப்பாளிகள். அவர்கள் வேறு வகை. 1921இல் அமெரிக்காவில் டெர்மன் என்ற பேராசிரியர் நுண்ணறிவுச் சோதனை வைத்துச் சிறந்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, வாழ்நாள் முழுவதும் அவர்களைத் தொடர்ந்து ஆராயத் தொடங்கினார். அச்சோதனையில் தேறவில்லை என்று விடப்பட்ட சிறுவர்களில் ஷாக்லி, அல்வாரெஸ் இருவரும் இருந்தார்கள். ஷாக்லி 1956இலும் அல்வாரெஸ் 1968இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள்! ஆகவே ஒரு தேர்வை நம்பிப் பிள்ளையை எடைபோட வேண்டாம். வித்தியாசமாகக் கேள்வி கேட்கிறதா, பிடித்த வேலையில் நேரம் போவது தெரியாமல் மூழ்குகிறதா என்று பாருங்கள். வீட்டில் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டிருக்கும் பெண்பிள்ளைகளைக் குறிப்பாகப் பாருங்கள். குறும்புக்காரர்களை இரண்டுமுறை பாருங்கள்.

உண்மையான மேதை எப்படியும் மேலே வந்துவிடுவார் என்பதற்கு இராமானுஜனை உதாரணம் காட்டுகிறார்கள். நாங்கள் அவரையே எதிர்ச்சாட்சியாக அழைக்கிறோம். கும்பகோணம் பள்ளியில் 1904இல் கணிதப் பரிசு பெற்ற அவர், கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் படித்தும் எஃப். ஏ. தேர்வில் தேறவில்லை. அதன்பின் அவர் நோட்டுப் புத்தகங்களுடன் வீடு வீடாக ஏறி இறங்கினார். இராமசுவாமி ஐயர் என்ற கணித அன்பர் அவற்றைப் பிரித்துப் பார்த்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1913இல் அவர் எழுதிய கடிதத்தைக் கேம்பிரிட்ஜில் ஹார்டி குப்பையில் போடாமல் படித்தார். இவர்களில் ஒருவர் முகம் திருப்பியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? ஜெர்மனியில் காவுஸ் என்ற ஏழைச் சிறுவனுக்கும் இப்படித்தான். அவனுடைய பள்ளி ஆசிரியர் பியூட்னர் பிரம்புக்குப் பேர்போனவர் என்கிறார்கள். ஆனாலும் சிறுவனின் திறமையைக் கண்டதும் ஹாம்பர்க்கிலிருந்து மேலான கணக்குப் புத்தகம் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். தம் இளம் உதவியாளர் பார்ட்டெல்சை அவனோடு சேர்ந்து படிக்க விட்டார். தமக்குத் தெரியாததையும் பிள்ளை கற்கட்டும் என்று வழிவிட்டாரே, அதற்காகப் பிரம்பைக்கூட மன்னித்துவிடலாம்.

பெற்றோர்களுக்கு இரண்டு வார்த்தை. “என் பிள்ளை புத்திசாலி” என்று அவன் காதுபடச் சொல்லாதீர்கள். 1998இல் மியுல்லர், டுவெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், புத்திசாலி என்று புகழப்பட்டவர்கள் அடுத்து எளிதான வேலையையே நாடினார்கள். தோல்வி வந்ததும் துவண்டார்கள். நன்றாக முயன்றாய் என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமானதைத் தேடினார்கள். எங்கள் பையன் இயற்கணிதத்தில் கைவிட்டதன் காரணம் எங்களுக்கு விளங்கியது அப்போதுதான். இன்னொன்று, பணத்தைப் பற்றியது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்காக 2008இல் தொடங்கப்பட்ட தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறிய ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உதவித்தொகை கிடைத்தது. 2017 முதல் அது ஆண்டுக்கு 12,000 ரூபாய். எங்கள் காலத்தில் விண்ணப்பிக்கத் தவறிய பெற்றோர்தான் அதிகம். எனவே பள்ளி அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். பிள்ளை சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பையன் இப்போது பக்கத்து ஊரில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். எந்த மோட்டார் என்றாலும் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லிவிடுவார் என்று பெயர். அவருடைய மகள் இங்கேதான் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். சென்ற மாதம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது மகளைக் கைப்பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். “டீச்சர், இவளும் என்னை மாதிரியே கணக்கைச் சீக்கிரம் முடிச்சிடுறாளாம். இப்ப இருக்கிற சார்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்” என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டோம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “டீ வாங்க மட்டும் அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க.”

அதைச் சொல்லத்தான் இன்று வந்தோம்.