ரத்தத்தில் ஜாதி எங்கே?

(அம்பாசமுத்திரம் பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



ரத்தத்தைப்பற்றிப் பேச வேண்டுமென்று தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள. நான் டாக்டர் அல்ல. படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். தப்பு இருந்தால் டாக்டர் தோழர்கள் எழுந்து தாராளமாய்த் திருத்தலாம்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருப் பெண் ஒருத்தி பிரசவத்துக்குப்பின் ரத்தப்போக்கு நில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரத்தம் ஏற்ற வேண்டுமென்றார்கள். அவளுடைய பெரியப்பா டாக்டரிடம் போய், "ஐயா, நம்ம ஆளுக ரத்தமாப் பாத்து ஏத்துங்கய்யா" என்று கைகூப்பினார். டாக்டர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. "பெரியவரே, பிள்ளைக்கு பி வகை. உங்களுக்கு ஏ வகை. உங்க ரத்தத்தை ஏத்தினா அவ உயிருக்கே ஆபத்து" என்றார். கடைசியில் ரத்தம் கொடுத்தவன், அந்தப் பெரியவர் தம் வீட்டுத் திண்ணையில் உட்காரவிடாத ஒரு வாலிபன். பெண் பிழைத்துக்கொண்டாள். பெரியவருக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவேயில்லை. சொந்தத் தம்பி மகளுக்குச் சேராத ரத்தம், அந்நியனிடமிருந்து எப்படிச் சேர்ந்தது என்பதே அது. சந்தேகம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லுவதே இன்றைக்கு என் வேலை.

வியன்னா நகரத்தில் 1900-ம் வருஷ வாக்கில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்பவர், தம்முடன் வேலை பார்த்தவர்களின் ரத்தத்தை எடுத்து, ஒருவருடைய சிவப்பணுக்களை மற்றொருவருடைய ரத்தநீரில் விட்டுப் பார்த்தார். சிலவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. சிலவற்றில் பால் திரிந்தாற்போல் கட்டி கட்டியாய்ச் சேர்ந்துகொண்டது. அப்படித்தான் ரத்த வகைகள் தெரியவந்தன. ஆனால் அந்த வித்தியாசம் எதனால் ஆனது என்பது, 1950-க்குப் பிறகு லண்டனில் மார்கன் என்பவரும் வாட்கின்ஸ் அம்மையாரும் செய்த ஆராய்ச்சியால்தான் விளங்கிற்று. என்னவென்றால், அது வெறும் சர்க்கரை!

சர்க்கரை என்றதும் நம் உடன்குடிக் கருப்பட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். சிவப்பணுவின் மேற்புறத்தில் புரதங்களும் கொழுப்புகளும் இருக்கின்றன. அவற்றின்மேல் பலவகைச் சர்க்கரைகள் கண்ணி கண்ணியாய்ச் சங்கிலிபோல் ஒட்டியிருக்கின்றன. உடம்பே நொதிகளைக்கொண்டு இவற்றைக் கோக்கிறது. சர்க்கரை வியாதியில் நடப்பது வேறு. அங்கே ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை தானாகப் போய்ப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளுகிறது. ஆஸ்பத்திரியில் மூன்று மாதக் கணக்குப் பார்க்கிறார்களே, அது இப்படி ஒட்டியதை அளப்பதுதான்.

நம் சங்கிலியின் நுனிக்கு வருவோம். அங்கே ஃப்யூகோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதோடு நின்றால் ஓ வகை. அதன் பக்கத்தில் காலக்டோஸ், அதாவது பால் சர்க்கரையில் ஒரு பாதியாய் இருப்பது, வந்து ஒட்டினால் பி வகை. அதே காலக்டோஸ் நைட்ரஜன் சேர்ந்த ஒரு சின்ன வாலுடன் ஒட்டினால் ஏ வகை. இரண்டும் இருந்தால் ஏபி. இவ்வளவுதான் வித்தியாசம்! (பிளஸ், மைனஸ் என்பது வேறு. அது சர்க்கரையே ஒட்டாத புரதம்.) இதை ஒட்டவைக்கும் நொதி 354 கண்ணிகள் கொண்டது. ஏ-க்கும் பி-க்கும் அதில் 4 கண்ணிகளே பேதம். ஓ வகை பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்து விட்டுப்போனதால் வந்தது என்று 1990-ல் கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. ஆகவே கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கே வகை மாறும்போது, பெரியப்பாவுக்கும் மகளுக்கும் மாறியதில் என்ன அதிசயம்?

ஏ, பி, ஓ மூன்றும் எல்லா ஜாதியிலும் உண்டு. தொகை கூடும், குறையும். ஒரு ஜாதிக்கென்று பட்டா போட்டுக் கொடுத்த வகை ஒன்றுகூட இல்லை. சிம்பன்சிக் குரங்குக்கு ஏ வகை உண்டு, கொரில்லாவுக்கு பி வகை உண்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இன்னொரு வேடிக்கை. நம் வீட்டு அடுக்களையில் கிடக்கும் காணத்துக்கு இந்தப் பேதம் தெரியும். காணப்பயற்றின் சாறு ஏ வகை அணுக்களைக் கட்டவைக்கிறது, மற்றவற்றைத் தொடுவதில்லை என்று பேர்ட் என்பவர் 1951-ல், பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயன்ஸ்' பத்திரிகையில் எழுதினார். இன்றைக்கும் ஏ வகையின் உட்பிரிவைப் பார்க்க அந்தச் சத்தை உபயோகிக்கிறார்கள். மாட்டுக்குப் போடும் பயறு மனிதரின் ரத்தத்தைப் பிரித்துச் சொல்லிவிடுகிறது. ஆனால் அதற்கு வாலைத்தான் தெரியும், வருணம் தெரியாது.

பம்பாய்ச் சங்கதி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பெண்டே, தேஷ்பாண்டே, பாட்டியா முதலிய டாக்டர்கள் 1952-ல் சில பேருடைய ரத்தத்தில் அந்த நுனி ஃப்யூகோஸே இல்லாதிருக்கக் கண்டார்கள். மேலெழுந்தவாரியாய்ப் பார்த்தால் ஓ போலத் தெரியும். ஆனால் எல்லாருக்கும் ஆகும் என்கிற ஓ ரத்தத்தைக் கொடுத்தால் இவர்களுக்கு ஆபத்து. இன்னொரு பம்பாய் வகைக்காரர்தான் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவர் என்பது கணக்கு. நீலகிரியில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து வைத்த மஞ்சள் பூ முட்செடி ஒன்றின் விதைச்சத்து ஃப்யூகோஸை அடையாளம் காட்டும். அதை வைத்து இவர்களைக் கண்டுபிடிக்கலாம். தாய், தகப்பன் இரண்டு பக்கமும் கெட்ட பிரதி வந்தால்தான் இது வரும். ஒரே குடும்பத்தில் அப்படி இரண்டு பிரதி சந்திப்பது எப்போது? அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும்போது! ரத்தம் கலந்துவிடக் கூடாதென்று காவல் காக்கிறவர்கள் வீட்டிலேதான் ரத்தம் கிடைக்காத பிள்ளை பிறக்க இடம் அதிகம்.

வியாதியைப்பற்றியும் ஒரு வார்த்தை. நம் அணுக்களில் மூடியிருக்கும் ஒரு சர்க்கரை, சில புற்றுநோய்களில் மூடியில்லாமல் வெளியே தெரியும். நிலக்கடலைச் சத்து அதைப் பிடித்துக்கொள்ளுகிறது. அந்தச் சத்தின் அமைப்பை பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 1994-ல் கண்டு வெளியிட்டார்கள். அது தனியாய் ஒரு நாள் பேச வேண்டிய விஷயம்.

(ஒரு தோழர் எழுந்து, "காணம் ரத்தத்தைக் கட்டவைக்கும் என்கிறீர்களே, நாங்கள் தினம் தின்கிறோமே?" என்று கேட்டார்.)

பயம் வேண்டாம், தோழரே. நன்றாய் வேகவைத்தால் அந்தச் சத்து கெட்டுவிடும். அன்றியும் நீங்கள் தின்பது வயிற்றுக்குப் போகிறதே தவிர, ரத்தக் குழாய்க்கு நேராய்ப் போவதில்லை. தாராளமாய்த் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். ரத்தம் கொடுக்கச் சம்மதமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து, பெயரும் ரத்த வகையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஜாதி எழுத அந்தத் தாளில் இடம் விடவில்லை.